லூஸா, லூஸா? தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடும் ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரித்தறிவது?

கணக்குக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புறக்கோட்டையில் இறக்குமதிச் சரக்கு விடுவிக்கும் கந்தோர் ஒன்றில் வேலை. நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல்தான். படித்தது தமிழ் மூலம். வாக்கியம் அமைப்பது ஓரளவு கைவந்துவிட்டது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற சொற்களில்தான் சறுக்கல்: அஃபெக்ட், இஃபெக்ட், இரண்டு அட்வைஸ், இரண்டு ப்ரின்சிபல், இரண்டு லூஸ், இரண்டு லைசன்ஸ், இரண்டு ஸ்டேஷனரி. ரைஸ், ரெய்ஸ் இரண்டும் எங்கெங்கே வரும்? 'அன்ட்டில்' எங்கே, 'பை' எங்கே?

கணினி சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். அர்த்தப் பட்டியல் எங்கும் கிடைக்கிறது. படிக்கும்போது விளங்குகிறது, எழுதும்போது மறந்துவிடுகிறது. எழுதுகிற அந்த நிமிஷத்தில் கைகொடுக்கிற சோதனை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

சிவப்புப் பேனை எழுதியது:

தம்பி, பாதிக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. 'இரண்டு லூஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் அவை ஒரே ஒலி இல்லை. ஒன்றின் கடைசியில் வெறும் காற்று, பாம்பு சீறுகிற மாதிரி. மற்றதில் தொண்டை அதிரும், தேனீ ரீங்காரம் மாதிரி. அந்த அதிர்வுக்குத் தமிழில் எழுத்து இல்லை, ஆகவே நமது காதும் அதைத் தனியாகப் பிரித்து வைப்பதில்லை. தமிழ் எழுத்தில் உச்சரிப்புக் குறித்து வைத்துப் பாடமாக்கியவர்களுக்கு இந்தச் சோடிகள் எல்லாம் ஒட்டிப்போவது இதனால்தான்.

இரண்டு விரலைக் குரல்வளையில் வைத்துக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'தளர்வான' என்ற பொருளுள்ள லூஸ் முடியும்போது அதிர்வு நின்றுவிடும். 'தொலை', 'இழ' என்ற பொருளுள்ள லூஸில் கடைசி வரை அதிரும். எழுத்தில், தளர்ந்ததற்கு இரண்டு 'ஓ', தொலைத்ததற்கு ஒரு 'ஓ'. ஒன்றைத் தொலைத்துவிட்டது என்று நினைவு வையுங்கள். பிழை விடுவதற்குக் காரணமும் இருக்கிறது: 'தெரிவு செய்' என்ற சூஸுக்கு இரண்டு 'ஓ', அதற்கும் கடைசியில் அதிர்வு. அதைப் பார்த்துத்தான் கை தானாக இரண்டு 'ஓ' போடுகிறது.

அட்வைஸும் இதே கதைதான். 'சீ' போட்டது பெயர்ச்சொல், கடைசியில் காற்று. 'எஸ்' போட்டது வினைச்சொல், கடைசியில் அதிர்வு. 'ஆலோசனை' என்று வைத்தால் வாக்கியம் நிற்கிறதா? 'சீ'. 'ஆலோசனை சொல்', 'அறியத் தா' என்று வைத்தால்தான் நிற்கிறதா? 'எஸ்'. மின்னஞ்சலின் கடைசியில் போடும் 'ப்ளீஸ் அட்வைஸ்' ஒரு வேண்டுகோள், 'அறியத் தாருங்கள்' என்பது. ஆகவே எப்போதும் 'எஸ்'. கருவி என்ற டிவைஸ் 'சீ', திட்டம் வகு என்ற டிவைஸ் 'எஸ்'.

லைசன்ஸிலும் ப்ராக்டிஸிலும் காது உதவாது. பெயரும் வினையும் ஒரே ஒலிதான். அங்கே அட்வைஸிடம் எழுத்தைக் கடன் வாங்க வேண்டும்: அட்வைஸுக்குச் 'சீ' வருகிற மாதிரியான இடமா, இங்கேயும் 'சீ'. சாரதி அனுமதிப்பத்திரம் ஒரு பொருள், பெயர்ச்சொல், ஆகவே 'சீ'. 'அனுமதி வழங்கப்பட்ட' என்பது வினையிலிருந்து வருவது, ஆகவே 'எஸ்'. மத்திய வங்கி நமது வங்கிகளை வகைப்படுத்தும்போது எழுதுகிற 'லைசன்ஸ்ட் கொமர்ஷல் பாங்க்' என்பதில் 'எஸ்'தான் இருக்கும். பார்த்து வையுங்கள்.

இவ்வளவும் பிரித்தானிய வழக்கம். இலங்கையில் பாடசாலையிலும் அரச காரியாலயத்திலும் அதுதான். அமெரிக்காவில் லைசன்ஸ் எந்த இடத்திலும் 'எஸ்', ப்ராக்டிஸ் எந்த இடத்திலும் 'சீ'. கணினியின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், நீங்கள் சரியாக எழுதியதையே அது பிழை என்று காட்டலாம். வேர்டில் 'ரிவியூ' பகுதிக்குப் போய், 'லாங்குவேஜ்', அதற்குள் 'செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்', அதில் ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைத் தெரிந்து, 'செட் அஸ் டிஃபோல்ட்' என்பதை அழுத்திவிடுங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

இருமொழி எழுதியது:

காதால் பிரிவதை மேலே அக்கா சொல்லிவிட்டார். எனக்குத் தமிழ் இலக்கணத்தில்தான் அதிக நம்பிக்கை. ஆங்கிலத்தில் குழம்புகிற பல சோடிகளைத் தமிழ் எப்போதோ சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது. எழுதப்போகிற வாக்கியத்தை மனதுக்குள் ஒருக்கா தமிழில் சொல்லிப் பார்ப்பதுதான் சோதனை.

ப்ரின்சிபலை எடுங்கள். தலைமை என்ற பொருள், பாடசாலை அதிபர், வட்டிக்குக் கொடுத்த மூலப் பணம், மூன்றுக்கும் ஒரே சொல், 'ஏ, எல்' என்று முடிவது. மூன்று அர்த்தத்தைப் பாடமாக்க வேண்டியதில்லை. தமிழில் மூன்றுமே 'முதல்': முதன்மை, முதல்வர், வட்டியும் முதலும். அதிபரை நாம் முதல்வர் என்று அழைப்பது குறைவு என்றாலும் சொல் தெரியும்தானே. 'முதல்' பொருந்தாமல் 'கொள்கை', 'தத்துவம்' பொருந்தினால் 'எல், ஈ' என்று முடிவது. கொள்கையளவில் சம்மதம் என்று எழுதும்போது 'எல், ஈ'. இது ஒருபோதும் பெயரடையாக வராது. ஆகவே இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று 'முதன்மையான' என்று விளக்கினால் கண்ணை மூடிக்கொண்டு 'ஏ, எல்' போடலாம்.

ரைஸ், ரெய்ஸ்: தன்வினை, பிறவினை. உயர், உயர்த்து. விலை உயர்ந்தது, தானாக, ரைஸ். விலையை உயர்த்தினார்கள், யாரோ செய்தது, ரெய்ஸ். தமிழ் வாக்கியத்தில் 'ஐ' உருபு வருகிறதா என்று பாருங்கள். பேச்சில் 'விலை கூட்டிட்டாங்கள்' என்று உருபை விழுங்கிவிடுவோம், ஆகவே 'எதை?' என்று கேட்பது இன்னும் உறுதியான வழி. பதில் கிடைத்தால் ரெய்ஸ். இன்வொய்ஸ் எழுப்புவதும் ஆட்சேபனை எழுப்புவதும் ரெய்ஸ், ஏனென்றால் எதை என்று கேட்கலாம். இறந்தகாலத்தில் ரைஸ் 'ரோஸ்' ஆகும், 'ஹாவ்' சேர்ந்தால் 'ரிஸன்'. ரெய்ஸுக்கு வெறும் 'ட்' ஒலி சேர்ந்தால் போதும்.

லை, லே சோடியும் இதே மாதிரி: கிட, கிடத்து. பைல் மேசையில் கிடக்கிறது, லை. பைலை மேசையில் வைத்தான், லே. ஆனால் இங்கே ஒரு குறும்பு இருக்கிறது. கிட என்ற லையின் இறந்தகாலமே 'லே'. போதாததற்குப் பொய் சொல் என்பதும் லை, அதன் இறந்தகாலம் 'லைட்'. கந்தோர்க் கடிதத்தில் இந்தச் சோடியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. 'இருக்கிறது', 'வைத்தேன்' என்பதற்கு 'இஸ்', 'புட்' போட்டுவிட்டுப் போங்கள்.

ரிமெம்பர், ரிமைன்ட்: நினைவு வை, நினைவூட்டு. 'எனக்கு ஞாபகப்படுத்துங்கோ' என்று கேட்க நினைத்து 'ரிமெம்பர் மீ' என்று எழுதினால், 'என்னை மறந்துவிடாதே' என்று பிரியாவிடை சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது பை, அன்ட்டில். தமிழ் இதை உருபிலேயே பிரிக்கிறது: வெள்ளிக்குள், வெள்ளி வரை. ஒருமுறை நடந்து முடிகிற வேலைக்கு '-க்குள்', அது பை. அந்த நேரம் வந்து சேரும்வரை தொடர்ந்துகொண்டே இருப்பதற்கு 'வரை', அது அன்ட்டில். ஆவணத்தை வெள்ளிக்குள் அனுப்புங்கள், பை. கவுன்டர் நாலு மணி வரை திறந்திருக்கும், அன்ட்டில். அனுப்பச் சொல்லும் இடத்தில் அன்ட்டில் போட்டால், வெள்ளி வரை ஒவ்வொரு நாளும் அனுப்பிக்கொண்டே இரு என்று படலாம். ஆனால் '-க்குள்' தமிழில் இரண்டு வேலை பார்க்கிறது. அதற்கு முன்னால் நிற்பது நேரத்தில் ஒரு புள்ளி என்றால் பை: 15ஆம் திகதிக்குள். கால அளவு என்றால் 'விதின்': மூன்று நாளுக்குள்.

உங்கள் தொழிலில் இன்னொன்று கவனிக்க வேண்டும். இலவச நாட்கள் 15 வரை என்று அன்ட்டில் போட்டால், 15 உள்ளடங்குமா என்று தகராறு வரும். டெமரேஜ், அதாவது இலவச நாட்கள் முடிந்த பின் விழுகிற தாமதக் கட்டணம், அந்த விஷயத்தில் ஒரு நாள் என்பது காசு. 'அப் டு அண்ட் இன்க்ளூடிங்' என்று எழுதிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சின்ஸ், ஃபோர் இரண்டுக்கும் இதே வழி. '2019 இலிருந்து' சின்ஸ், 'மூன்று வருஷமாக' ஃபோர்.

கணக்குக்கட்டு எழுதியது:

முதல் என்றதும் பிடிபட்டுவிட்டது, நன்றி. ஆனால் அஃபெக்ட், இஃபெக்ட் விஷயத்துக்கு இன்னும் யாரும் வரவில்லையே.

சிவப்புப் பேனை எழுதியது:

அது சுலபம். 'ஏ' வினை, 'பாதிக்கும்' என்பதில் உள்ள பாதி. 'ஈ' பெயர், விளைவு. வேலைநிறுத்தம் துறைமுக வேலையைப் பாதிக்கும், 'ஏ'. அதன் விளைவு அடுத்த வாரம் தெரியும், 'ஈ'.

தமிழர் விழுகிற குழி எங்கே என்றால் 'பாதிப்பு' என்ற சொல்லில். பாதி என்பதற்கு 'ஏ' என்று பாடமாக்கியதால் பாதிப்பு என்பதற்கும் 'ஏ' போடுகிறார்கள். பாதிப்பு பெயர்ச்சொல், ஆகவே 'ஈ'. இந்தச் சோடிக்கு மட்டும் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திலேயே சோதியுங்கள்: முன்னால் 'தி' அல்லது 'ஆன்' நிற்க முடியுமா? 'ஈ'. 'வில்', 'டு' நிற்குமா? 'ஏ'.

அரைநாள் லீவு எழுதியது:

அக்கா, மன்னிக்க வேண்டும். கடைசி வரியை அப்படியே எடுத்துக்கொண்டு ஒருவர் வங்கிக்குக் கடிதம் எழுதினால் மாட்டுவார். 'ஈ' போட்ட இஃபெக்ட் வினையாகவும் வரும். அப்போது பொருள் 'நிறைவேற்று', 'நடக்கச் செய்'. வங்கி மொழியில் 'டு இஃபெக்ட் பேமன்ட்' என்றால் கொடுப்பனவைச் செய்து முடிப்பது. அங்கே 'டு' இருக்கிறதே என்று 'ஏ' போட்டால் கொடுப்பனவைப் பாதிப்பது என்று ஆகிவிடும். காசு போக வேண்டிய இடத்தில் காசு தடைப்படுகிறது என்ற பொருள்.

சுற்றறிக்கைகளில் பார்க்கிற 'இன்ன திகதி முதல் அமுலுக்கு வரும் வகையில்' என்பதற்கு ஆங்கிலம் 'வித் இஃபெக்ட் ஃப்ரொம்', 'ஈ'. அமுலுக்கு வா என்பது 'டேக் இஃபெக்ட்', அதுவும் 'ஈ'. பக்க விளைவும் 'ஈ'. இம்மூன்றையும் முழுசாகவே பாடமாக்குங்கள், பிரித்து ஆராய வேண்டாம்.

அட்வைஸ் பற்றியும் ஒன்று. ஆலோசனை என்ற பொருளில் அதற்குப் பன்மை கிடையாது. பின்னால் எஸ் சேர்த்து 'அட்வைசஸ்' என்று எழுதுவது பிழை. வங்கியில் அனுப்புகிற பற்று அறிவித்தல், பணம் அனுப்பிய அறிவித்தல் ஆகியவற்றுக்கும் பெயர் அட்வைஸ்தான், 'சீ'. அவற்றை மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். இன்ஃபொர்மேஷன், எக்விப்மன்ட், ஃபர்னிச்சர், ஸ்டேஷனரி எதற்கும் பன்மை எஸ் வராது.

சிவப்புப் பேனை எழுதியது:

சரிதான், 'நிறைவேற்று' என்பதை நான் விட்டுவிட்டேன். தமிழில் 'பாதி' வைத்துப் பாருங்கள். பொருந்தாமல் 'நிறைவேற்று' பொருந்தினால் வினையாக இருந்தாலும் 'ஈ'. தமிழை விடச் சொன்ன நானே திரும்ப அங்கே வந்து நிற்கிறேன்.

மட்டக்குளி பஸ் எழுதியது:

ஸ்டேஷனரி: என்வலப் 'ஈ'யில் தொடங்குகிறது, பேப்பர் பேனைச் சாமான் என்றால் கடைசியில் 'ஈ, ஆர், வை'. அசையாமல் நிற்பது என்றால் 'ஏ, ஆர், வை'. இரண்டும் ஒரே வேரில் வந்தவை. தெருத்தெருவாகத் திரியாமல் ஒரே இடத்தில் கடை போட்டு உட்கார்ந்த வியாபாரியை அந்தக் காலத்தில் 'ஸ்டேஷனர்' என்றார்கள். அவர் விற்றது ஸ்டேஷனரி. 'ஸ்டேஷனர்' என்ற ஆளின் பெயரை முதலில் எழுதிவிட்டு 'வை' சேர்த்தால் எழுத்து தானாகச் சரியாகும். கடைப் பலகைகளைப் பார்த்து மட்டும் படிக்க வேண்டாம்.

கொம்ப்ளிமன்ட் இரண்டு. நடுவில் 'ஐ' என்றால் பாராட்டு, இலவசமாகக் கொடுப்பதும் அதிலிருந்துதான். நடுவில் 'ஈ' என்றால் நிறைவாக்குவது, 'கொம்ப்ளீட்' என்ற சொல்லில் உள்ள அதே 'ஈ'. ஹோட்டலில் காலைச் சாப்பாடு இலவசம் என்றால் 'ஐ'.

இட்ஸ்: எஸ்ஸுக்கு முன்னால் மேலே புள்ளி (அபொஸ்ட்ரஃபி) போட்ட இடத்தில் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்து வாசியுங்கள். வாசிக்க முடியாவிட்டால் புள்ளியை எடுத்துவிடுங்கள். 'ஹிஸ்' என்பதற்குப் புள்ளி இல்லை, அதன் தம்பிக்கும் இல்லை.

இருமொழி எழுதியது:

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் அரைகுறை. தமிழ் ஒரே சொல்லில் அடக்கி, ஆங்கிலம் பிரிக்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே மேலே சொன்ன முறை கவிழும்.

கேள் என்ற ஒன்றுக்குள் ஹியர், லிஸன், ஆஸ்க் மூன்றும் இருக்கின்றன. காதில் விழுந்தது ஹியர். காது கொடுத்தது லிஸன், எதை என்று சொன்னால் பின்னால் 'டு' கட்டாயம். வாயால் கேட்டது ஆஸ்க். சொல் என்பதில் ஸே, டெல். டெல்லுக்குப் பின்னால் ஆள் உடனே வர வேண்டும், நடுவில் 'டு' கிடையாது. ஸேக்கு ஆளைச் சேர்த்தால் 'டு' வேண்டும். 'எனக்குச் சொன்னார்' என்பதில் உள்ள '-க்கு'வை அப்படியே கொண்டுபோய் 'டோல்ட் டு மீ' என்று எழுதுவதுதான் நம்மிடம் அதிகம் காணும் பிழை.

கடனுக்கு உருபைப் பாருங்கள். வங்கியிடம் வாங்கினால் பொரோ, பின்னால் 'ஃப்ரொம்'. ஒருவருக்குக் கொடுத்தால் லென்ட். 'பேனை பொரோ பண்ணித் தாங்கோ' என்பது எங்கேயும் கேட்கும், பிழை. வாடகைக்கு மட்டும் ஆங்கிலமும் நம்மைப் போலத்தான்: எடுப்பவருக்கும் விடுபவருக்கும் ரென்ட் பொருந்தும். 'லெட்' விடுபவருக்கு மட்டும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அனெக்ஸ் வாசலில் தொங்குகிற 'டு லெட்' அதுதான்.

உறுதி என்பதில் மூன்று பேர் இருக்கிறார்கள். உறுதி செய் என்றால் என்ஷுவர். ஒரு ஆளுக்கு உறுதி கூறு என்றால் அஷுவர், பின்னால் ஆள் வர வேண்டும். பணம் கட்டிக் காப்புறுதி எடுத்தால் இன்ஷுவர். சரக்குப் பத்திரமாக வருவதை 'இன்ஷுவர்' செய்கிறோம் என்று வாடிக்கையாளருக்கு எழுதினால், காப்புறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்பார்.

இகொனொமிக் என்பது பொருளாதாரம் சார்ந்தது, இகொனொமிகல் என்பது சிக்கனமானது. 2022 இல் வந்தது இகொனொமிக் நெருக்கடி. அதை இகொனொமிகல் என்றால் குறைந்த செலவில் வந்த நெருக்கடி.

அரைநாள் லீவு எழுதியது:

'ப்ளீஸ் ரிவேர்ட்' பற்றியும் சொல்ல வேண்டும், கொழும்புக் கந்தோர்களில் அது நிறைய ஓடுகிறது. இங்கேயும் இந்தியாவிலும் 'பதில் போடுங்கள்' என்று விளங்கிக்கொள்வார்கள். பிரித்தானிய வழக்கில் அதன் முதற்பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதும்போது 'ரிப்ளை' போதும்.

கணக்குக்கட்டு எழுதியது:

சோதித்துப் பார்க்கிறேன், திருத்திவிடுங்கள்.

டொலர் பெறுமதி உயர்ந்திருக்கிறது: ரைஸ், 'ஹாவ்' வகையில் 'ரோஸ்'. கொள்கையளவில் சம்மதம்: ப்ரின்சிபல், 'எல், ஈ'. கப்பல் தாமதத்தின் பாதிப்பைக் கணக்கிடுகிறோம்: 'ஏ'. புதிய கட்டணம் முதலாம் திகதி முதல் அமுலுக்கு வரும்: 'ஈ'. அனுமதி பெற்ற முகவர்: லைசன்ஸ்ட், 'சீ'. கடனின் முதலை 30ஆம் திகதிக்குள் கட்டுங்கள்: 'ஏ, எல்', பை.

சிவப்புப் பேனை எழுதியது:

மூன்று பிழை. 'ஹாவ்', 'ஹாஸ்' வந்தால் ரோஸ் இல்லை, ரிஸன். பாதிப்பு பெயர்ச்சொல், முன்னால் 'தி' நிற்கும், 'ஈ'. அனுமதி பெற்ற என்பது வினையிலிருந்து வந்தது, 'எஸ்'. மற்ற மூன்றும் சரி. முதலாம் திகதி 'முதல்' என்பதில் ப்ரின்சிபலைத் தேடாமல் விட்டதும் சரி, அது வெறும் 'இலிருந்து'.

அனுப்புவதற்கு முன் கொன்ட்ரோல், எஃப் இரண்டையும் அழுத்தி, நீங்கள் வழமையாகப் பிழைவிடுகிற சொல்லை மட்டும் தேடுங்கள். இன்றைய கணக்குப்படி உங்களுக்கு அவை இரண்டு: 'ஏ'யில் தொடங்கும் அஃபெக்ட், 'சீ' போட்ட லைசன்ஸ். அகப்படுகிற ஒவ்வொன்றிலும் நின்று பெயரா வினையா என்று பாருங்கள். சொல்லை முழுசாக அடிக்காமல் முதல் ஆறு எழுத்தை மட்டும் அடித்தால் அதன் மற்ற வடிவங்களும் சேர்ந்து வரும்.